நாள்காட்டியில் மாட்டிக்கொண்ட வாடிக்கையாளர்

வாசகி ஒருவரின் கடிதம். தம்பியோடு சேர்ந்து தோட்டப் பராமரிப்புத் தொழில் நடத்துகிறார். புல் வெட்டுவது, செடி கத்தரிப்பது, சொட்டுநீர்க் குழாய் போடுவது, தொட்டி மாற்றுவது என்று நான்கு ஆட்களோடு ஓடுகிற வேலை. இரண்டு வருடத்துக்கு முன் அக்கா மகன் ஒரு வெப்சைட் செய்து கொடுத்தான். இன்று பாதிக்கு மேல் வேலை அதன் வழியாகத்தான் வருகிறது. போன மாதம் ஒரு மின்னஞ்சல்: "எனக்குப் பார்வை கிடையாது. உங்கள் தளத்தில் மூன்று முறை பதிவு செய்ய முயன்றேன். தேதி போடும் இடத்தைத் தாண்ட முடியவில்லை. சரிசெய்ய முடியுமா?"

வீட்டில் இதை வைத்து ஆளுக்கொரு கருத்து. பார்க்க முடியாதவர்களுக்குத் தோட்டம் எதற்கு, நம்மிடம் அப்படி வாடிக்கையாளரே இல்லையே என்கிறார் தம்பி. தளத்தை முழுசாகப் பிரித்துப் போட்டுத் திரும்பச் செய்யணும் என்கிறான் அக்கா மகன். இதற்கிடையில் ஒரு கம்பெனிக்காரர், ஒரே ஒரு வரி கோடு சேர்த்தால் போதும், மாதக் கட்டணம் கட்டினால் தளம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். வாசகிக்கோ, பேசாமல் போன் நம்பரைப் பெரிதாகப் போட்டு முடித்துவிடலாமா என்று ஒரு யோசனை. கூடவே ஒரு பயமும்: "அவர் கேஸ் போட்டுவிடுவாரா?"

தள முகவரியை அனுப்பியிருந்ததால் நானே உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன். இனி உங்களிடமே பேசுகிறேன்.

வணக்கம். அந்த மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும் போட்டுவிடுங்கள். என்ன எழுதலாம் என்று கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் தளம் காதுக்கு எப்படி இருக்கிறது

திரையை அணைத்துவிட்டு, மவுஸைத் தூர வைத்துவிட்டு, ஸ்க்ரீன் ரீடரோடு உள்ளே போனேன். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருள் அது. முகப்பில் முதலில் கேட்டது, "கிராஃபிக், ஐஎம்ஜி 4032". அடுத்து "லிங்க், மேலும் அறிய. லிங்க், மேலும் அறிய. லிங்க், மேலும் அறிய." இப்படி ஆறு. கண்ணால் பார்ப்பவருக்கு ஒவ்வொன்றின் மேலும் புல்வெட்டு, கத்தரிப்பு, சொட்டுநீர் என்று படம் இருக்கிறது. காதால் கேட்பவருக்கு ஆறு கதவும் ஒன்றுபோலத்தான்.

பதிவுப் பக்கத்தில் "எடிட், பிளாங்க்", அதாவது "எழுதும் பெட்டி, காலி" என்று மூன்று தடவை வந்தது. பெயர், போன், முகவரி என்று பெட்டிகளுக்கு மேலே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த எழுத்துக்கும் பெட்டிக்கும் நிரலில் முடிச்சுப் போடவில்லை. எது பெயர், எது போன் என்று ஊகித்துத்தான் நிரப்பினேன். உங்கள் வாடிக்கையாளரும் அப்படித்தான் நிரப்பியிருப்பார்.

பிறகு தேதி. அந்தப் பெட்டியில் டைப் செய்ய முடியாதபடி பூட்டியிருக்கிறது. பக்கத்திலுள்ள சின்ன நாள்காட்டிப் படத்தை மவுஸால் சொடுக்கினால்தான் மாதம் விரியும். டேப் கீயை அழுத்திக்கொண்டே போனால் அந்தப் படத்தில் நிற்பதே இல்லை, நேராக "அனுப்பு" பட்டனுக்குத் தாவிவிடுகிறது. சரி, அனுப்பித்தான் பார்ப்போமே என்று அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி அழுத்தினேன். அப்போதும் இல்லை. பிறகு திரையைப் போட்டுப் பார்த்தால், தேதிப் பெட்டியைச் சுற்றிச் சிவப்புக் கோடு! தப்பு நடந்திருக்கிறது என்பதை நிறத்தில் மட்டும் சொல்கிறது உங்கள் தளம். அவர் மூன்று முறை முயன்றது ஏன் என்று இப்போது புரிகிறதா? முதல் முறையே என்ன தப்பு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இங்கே பழுது ஒரு பெட்டியில்தான். அந்தப் பெட்டி மட்டும் திறந்திருந்தால், மற்ற குறைகளையெல்லாம் பொறுத்துக்கொண்டு அவர் பதிவு செய்து முடித்திருப்பார். என் யோசனை முழுக்க இதிலிருந்துதான் வருகிறது: தளம் முழுவதையும் ஒரே மூச்சில் திருத்தப் பார்க்காதீர்கள். உள்ளே வருவதிலிருந்து பதிவு உறுதியாவது வரை உள்ள ஒரே பாதையை முதலில் எல்லோரும் நடக்கிற மாதிரி செய்யுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

"அவர்களுக்குத் தோட்டம் எதற்கு?"

தம்பி கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று தெரியும். ஆனால் தோட்டம் கண்ணுக்கு மட்டுமா? மல்லிகை வாசம், மழை விட்டதும் எழும் மண் வாசம், வெறுங்காலில் புல், இதற்கெல்லாம் கண் வேண்டாமே. அதையும் விடுங்கள், தொழில் கணக்காகவே பார்ப்போம். யார் ஆள் வைத்துப் புல் வெட்டுகிறார்கள்? குனிய முடியாதவர், முட்டி வலிக்காரர், கை நடுங்குபவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், கண்புரை வந்த பெரியவர். உங்கள் சேவை மற்றவர்களைவிட அதிகமாகத் தேவைப்படுவது இவர்களுக்குத்தான். உலகில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க அளவில் ஏதோ ஓர் உடற்குறையோ மனநலக் குறையோ இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"நம்மிடம் அப்படி வாடிக்கையாளரே இல்லை" என்கிறார் தம்பி. வாசலில் கதவு பூட்டியிருந்தால் உள்ளே எப்படி ஆள் இருக்கும்? அந்த ஒருவர் மெனக்கெட்டு மின்னஞ்சல் எழுதினார். எழுதாமல் வேறு இடம் பார்த்துப் போனவர்கள் எத்தனை பேரோ, அந்தக் கணக்கு உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை.

தோட்டத்தின் அளவைக் கேட்க ஓர் இழுப்பான் வைத்திருக்கிறீர்கள் அல்லவா, விரலால் இழுத்துச் சதுர அடி காட்டுவது? பார்க்க அழகுதான். கை நடுங்கும் ஒருவர் அதில் 800 என்று நிறுத்தப் பார்க்கட்டும். 650-க்கும் 1100-க்கும் இடையில் ஓடிக்கொண்டே இருக்கும். என் கையிலேயே ஓடியது. பேசாமல் எண்ணை டைப் செய்யும் பெட்டி ஒன்று வைத்துவிடுங்கள்.

ஒரு வரி கோடு என்னும் மாயம்

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த இடம் இதுதான். அந்தக் கம்பெனிக்காரர் விற்பது ஓவர்லே எனப்படும் விட்ஜெட். திரை ஓரத்தில் சக்கர நாற்காலி படம் போட்ட ஒரு பட்டன் வரும். அழுத்தினால் எழுத்துப் பெரிதாகும், நிறம் மாறும், சில சமயம் பக்கத்தை வாசித்தும் காட்டும். பார்வையற்றவரிடம் தனக்குப் பழகிய ஸ்க்ரீன் ரீடர் ஏற்கெனவே இருக்கிறது, உங்கள் தளத்துக்கென்று இன்னொன்று அவருக்குத் தேவையில்லை. பூட்டிய தேதிப் பெட்டியை அந்த விட்ஜெட் திறந்துவிடும் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள். "ஐஎம்ஜி 4032" என்னும் படத்தில் இருப்பது எந்தத் தோட்டம், அதில் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்பதும் அதற்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். சில விட்ஜெட்டுகள் ஸ்க்ரீன் ரீடரோடு முட்டிக்கொண்டு, இருக்கிற வழியையும் அடைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

2025-ல் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம், இத்தகைய கருவி விற்ற ஒரு நிறுவனத்தை 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது. எந்தத் தளத்தையும் தங்கள் கருவி தரநிலைக்கு ஏற்றதாக்கிவிடும் என்று வாடிக்கையாளர்களை நம்ப வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆக, "இதைப் போட்டால் சட்டச் சிக்கலே வராது" என்று அவர் சொன்னால், அதை எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். அந்த மாதக் கட்டணத்தைச் சில மாதம் சேர்த்து அக்கா மகனுக்குக் கொடுங்கள், உருப்படியாக வேலை நடக்கும்.

திரும்பக் கட்டுவதா, திருத்துவதா

அக்கா மகன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அவன் பயன்படுத்திய டெம்ப்ளேட் பழசு. ஆனால் புது டெம்ப்ளேட் எடுத்தால் புதுக் குறைகளும் கூடவே வரும். வெப்எய்ம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025-ல் அவற்றில் 94.8 சதவீதத்தில், தானாகச் சோதிக்கும் கருவிக்கே தெரிகிற குறைகள் இருந்தன. அந்தக் குறைகளில் பெரும்பாலானவை ஆறே வகை: மங்கிய எழுத்து, விவரம் இல்லாத படம், பெயர் கட்டாத பெட்டி, வெற்று லிங்க், வெற்று பட்டன், பக்கத்தின் மொழியைக் குறிக்காமல் விடுவது. ஆறுமே திருத்தக் கூடியவை. உங்கள் தளத்தில் இந்த ஆறில் ஐந்து இருக்கின்றன.

உங்களுடையது மொத்தம் ஒன்பது பக்கம். பதிவுப் பாதையைத் திருத்த அவனுக்கு ஒரு வார இறுதி போதும் என்பது என் கணிப்பு. அவனிடம் இதைக் கொடுங்கள்:

தேதிப் பெட்டி. பூட்டை எடுத்துவிட்டு, பிரவுசரிலேயே இருக்கும் சாதாரணத் தேதி உள்ளீட்டைப் போடட்டும். அலங்கார நாள்காட்டி வேண்டுமென்றால் இருக்கட்டும், ஆனால் டைப் செய்யவும் முடிய வேண்டும். எந்த வடிவத்தில் எழுதணும் என்று பெட்டியின் மேலேயே ஓர் எடுத்துக்காட்டு போடுங்கள்.

பெட்டியின் பெயர். ஒவ்வொரு பெட்டிக்கும் லேபிள் கட்டுவது. பெட்டிக்குள் மங்கலாக எழுதிவிட்டு "அதுதான் லேபிள்" என்று அவன் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். டைப் செய்யத் தொடங்கியதும் அது மறைந்துவிடும், மறதி உள்ளவர் பாடு திண்டாட்டம்.

தவறு நேர்ந்தால். சிவப்புக் கோட்டோடு "வேலைக்கான தேதியை எழுதுங்கள்" என்று வார்த்தையிலும் வர வேண்டும். அனுப்பியதும் கர்சர் அந்தப் பெட்டிக்கே போய் நிற்க வேண்டும். பதிவு முடிந்தால் முடிந்தது என்றும் சொல்ல வேண்டும். இப்போது பச்சை டிக் படம் மட்டும் வருகிறது, வாயைத் திறப்பதில்லை.

கீபோர்டு. டேப் அழுத்தினால் எங்கே நிற்கிறோம் என்று காட்டும் கட்டத்தை அழகுக்காக நீக்கியிருக்கிறான். அதைத் திரும்ப வைக்கச் சொல்லுங்கள். கை சரியாக வராததால் மவுஸ் பிடிக்க முடியாதவருக்கு அந்தக் கட்டம்தான் கைவிளக்கு.

அப்புறம் நிறம். தோட்டத் தொழில் என்றாலே தளிர்ப் பச்சைதான், யாரைக் கேட்டாலும் அந்தப் பச்சைதான்! வெள்ளைத் தாளில் தளிர்ப் பச்சை எழுத்து. பட்டனில் அதே பச்சை மேல் வெள்ளை எழுத்து. அளந்து பார்த்தேன், எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு ஏறக்குறைய 2-க்கு 1. வழக்கமான அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும், பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. பச்சையை விடச் சொல்லவில்லை. முற்றிய மாவிலைப் பச்சைக்கு மாறினால் 5-ஐத் தாண்டிவிடும். வெயிலில் நின்று போனைப் பார்க்கிறவருக்கும் அது உதவும்.

இந்த எண்கள் என் சொந்தச் சரக்கில்லை. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யு3சி வெளியிட்ட டபிள்யுசிஏஜி என்ற வழிகாட்டியில் உள்ளவை. 2008-ல் அதன் 2.0 வந்தது, 2023 அக்டோபரில் 2.2 வந்தது. அதில் ஏ, ஏஏ, ஏஏஏ என்று மூன்று படி. நீங்கள் குறிவைக்க வேண்டியது ஏஏ. இழுப்பானுக்கு மாற்று வழி வேண்டும் என்பதும், பட்டன்கள் 24-க்கு 24 பிக்சலுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதும் 2.2-ல் புதிதாகச் சேர்ந்தவை.

படங்களும் கட்டணப் பட்டியலும்

முன்–பின் படங்கள்தான் உங்கள் விளம்பரமே. அவற்றுக்கு விவரம் எழுதுவதை அக்கா மகனிடம் விடாதீர்கள், நீங்களே எழுதுங்கள். "தோட்டம்" என்று எழுதினால் ஒன்றும் எழுதாததற்குச் சமம். "முன்: முழங்கால் உயரக் களை, வேலி தெரியவில்லை. பின்: சீராக வெட்டிய புல், வேலி ஓரம் செங்கல் பதித்த நடைபாதை" என்று எழுதினால், கேட்கிறவருக்கு வேலையின் தரம் தெரிந்துவிடும். ஓரத்தில் ஓடுகிற இலைக்கொடி அலங்காரத்துக்கு விவரமே வேண்டாம். ஸ்க்ரீன் ரீடர் அதைத் தாண்டிப் போகும்படி வெற்று விவரம் கொடுத்தால் போதும்.

எந்தெந்தப் பகுதிக்கு வருவீர்கள் என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டியிருக்கிறீர்கள். அதன் கீழேயே பகுதிப் பெயர்களை வரிசையாக எழுதிவிடுங்கள்.

கட்டணப் பட்டியல் பிடிஎஃப்-ஐத் திறந்ததும் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார் யாரோ. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். "புல்" என்பதை ஸ்க்ரீன் ரீடர் ஏதோ இரண்டு மூன்று ஆங்கில எழுத்தாக உளறுகிறது. அந்தப் பட்டியலை யூனிகோடில் அடித்து, பிடிஎஃப்-ஐ விட்டுவிட்டுப் பக்கத்திலேயே அட்டவணையாகப் போடுங்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலின் தலைப்பில் குறிக்கவும் சொல்லுங்கள். குறிக்காவிட்டால் சில இடங்களில் ஆங்கிலக் குரலே தமிழையும் படிக்க முயலும், இல்லாவிட்டால் தாண்டிப் போய்விடும்.

போன் நம்பர் மட்டும் போதுமா?

இப்போதைக்கு உதவும், அதுவே முடிவாகாது. தளத்தைத் திருத்தும் வரை "பதிவு செய்வதில் சிரமமா? அழையுங்கள் அல்லது மெசேஜ் அனுப்புங்கள்" என்று பதிவுப் பக்கத்தின் மேலேயே போடுங்கள். மெசேஜ் என்பதை விட்டுவிடாதீர்கள். காது கேளாதவருக்கும் பேச்சுத் திக்குபவருக்கும் போன் நம்பர் இன்னொரு பூட்டிய கதவு. தவிர, உங்கள் தளத்தில் இரவு பதினோரு மணிக்கும் பதிவு செய்யலாம், போனை நீங்கள் ஆறு மணிக்கு மேல் எடுப்பதில்லை. மற்றவர்களுக்குக் கிடைக்கிற வசதி இவருக்கு மட்டும் அலுவலக நேரத்தில்தான் என்றால், அது சமம் ஆகாது. மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனியாக எளிய பக்கம் ஒன்று போடும் யோசனை வந்தாலும் வேண்டாம். மூன்று மாதம் கழித்து விலையை மாற்றும்போது அந்தப் பக்கத்தை மறந்துபோவீர்கள்.

கேஸ் வருமா?

அவர் எழுதியதை மறுபடி படியுங்கள். "சரிசெய்ய முடியுமா?" என்றுதான் கேட்டிருக்கிறார். மிரட்டல் அதில் எங்கே இருக்கிறது? ஒரு மாதமாகப் பதில் இல்லாமல் இருப்பதுதான் உங்களுக்கு ஆபத்து.

சட்டம் பெரிய நிறுவனங்களுக்குத்தான் என்று நினைத்தால், எல்லா இடத்திலும் அது அப்படியில்லை. எந்த நாட்டில் தொழில் செய்கிறீர்கள் என்று எழுதாததால் பொதுவாகச் சொல்கிறேன். ஐ.நா. பொதுச்சபை 2006-ல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவு, தகவல் தொழில்நுட்பத்தையும் அணுகும் உரிமைக்குள் கொண்டுவருகிறது. இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் சேவையாளர்களையும் சேர்த்தே பேசுகிறது. மின்னணு வழிச் சேவைகளை அணுகுவது வாழும் உரிமையோடு சேர்ந்தது என்று 2025 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டப்படி, யாராவது வந்து கேட்கும் வரை காத்திராமல் முன்கூட்டியே நியாயமான மாற்றங்களைச் செய்ய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் அமலில் உள்ள அணுகல் சட்டத்தில், பத்துப் பேருக்குக் குறைவாகவும் ஆண்டு வரவு 20 லட்சம் யூரோவுக்கு மிகாமலும் உள்ள சேவைத் தொழில்களுக்கு விலக்கு உண்டு. அமெரிக்காவில் 1990 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் வெப்சைட் வழக்குகள் நிறையவே நடக்கின்றன. எங்கே இருந்தாலும் வக்கீல் நோட்டீஸ் என்று ஒன்று கைக்கு வந்தால், அந்த ஊர் வக்கீலைப் பாருங்கள், நீங்களே பதில் எழுதாதீர்கள்.

அதுவரை செய்ய வேண்டியது, என்ன குறை வந்தது, எந்தத் தேதியில் எதைத் திருத்தினீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பது. "எங்கள் தளம் நூறு சதவீதம் அணுகத்தக்கது" என்று மட்டும் தளத்தில் எழுதிவிடாதீர்கள். அது பொய், உங்களுக்கே வினை.

நீங்களே சோதிக்க

மவுஸை எடுத்து அலமாரியில் வையுங்கள். டேப், ஷிஃப்ட்–டேப், என்டர், ஸ்பேஸ்பார், இவ்வளவுதான். இவற்றை வைத்தே ஒரு பதிவை முடியுங்கள். பிறகு பக்கத்தை 200 சதவீதம் பெரிதாக்கி, ஏதாவது வெட்டுப்படுகிறதா, ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் என்றால் என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடர் இலவசம். ஆண்ட்ராய்டு போன்களில் டாக்பேக்கும் ஐபோனில் வாய்ஸ்ஓவரும் ஏற்கெனவே இருக்கின்றன. தம்பியையே உட்கார வைத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு பதிவு செய்யச் சொல்லுங்கள், அவர் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைக்கும். தளத்தின் குறைகளைத் தானாகத் தேடும் வேவ், லைட்ஹவுஸ் மாதிரி இலவசக் கருவிகளையும் ஓட்டுங்கள், ஆனால் மதிப்பெண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பூட்டிய தேதிப் பெட்டியை லைட்ஹவுஸ் கண்டுகொள்ளவே இல்லை.

அவருக்கு என்ன எழுதுவது

சுருக்கமாக எழுதுங்கள். "பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். தேதிப் பெட்டியில் கோளாறு இருப்பதைப் பார்த்தோம், இந்தத் தேதிக்குள் திருத்துகிறோம். அதுவரை உங்கள் பதிவை இந்த மின்னஞ்சலிலேயே எடுத்துக்கொள்கிறோம். உங்களுக்கு எந்த நாள் வசதி?" உங்களால் காப்பாற்ற முடிகிற தேதியாகப் போடுங்கள். பார்வை எவ்வளவு இருக்கிறது, எப்படிப் போனது என்றெல்லாம் கேட்க வேண்டாம். திருத்திய பிறகு ஒருமுறை சோதித்துச் சொல்ல முடியுமா என்று கேட்கலாம். சம்மதித்தால் அவர் நேரத்துக்குக் காசு கொடுங்கள், இல்லாவிட்டால் ஒரு தடவை புல்வெட்டு இலவசம் என்று சொல்லுங்கள். இப்படிச் சோதித்துச் சொல்வதுதான் என் தொழில், அவர் உங்களுக்குச் செய்து கொடுப்பதும் அதே வேலை.

அவர் வீட்டுக்கு முதல் தடவை ஆட்களை அனுப்பும்போது இன்னொன்றும் சொல்லி அனுப்புங்கள். வேலை முடிந்ததும் தண்ணீர்க் குழாயை நடைபாதையின் குறுக்கே போட்டுவிட்டு வரக்கூடாது. வழக்கமாக இருந்த தொட்டியை நகர்த்தினால், எங்கே வைத்தோம் என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.